300-க்குக் காசு கட்டி 30 வாங்கும் வீடுகள்: வைஃபை வேகம் எங்கே தொலைகிறது?

கீழக்கரையில் என் லாத்தா (அக்கா) வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஃபோன் வந்தது.

“தம்பி, 300 எம்பிக்குக் காசு கட்டுறோம். மாடியில 30கூட வரமாட்டேங்குது. மச்சான் துபாய்லேருந்து பேசுனா முகம் கட்டம் கட்டமா ஒடையுது. 500 எம்பிக்கு மாத்திரலாமா?”

“காசு கட்டிறாதீங்க லாத்தா. நான் வந்து பாக்குறேன்.”

ராமநாதபுரம் கரையோரத்தில், தொண்டியிலிருந்து சாயல்குடிப் பக்கம்வரை, புதிதாக ஃபைபர் வாங்கிய வீடுகளில் இதே பேச்சைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர்வரை வேகம் ஒழுங்காக வந்துவிடுகிறது. அங்கே மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து உங்கள் கைக்கு வருவதற்குள், வீட்டுக்குள் இருக்கும் முப்பது நாற்பது அடிக் காற்றில் தொலைகிறது. தொலைந்த இடத்தைத் தேடாமல் பெரிய திட்டத்துக்கு மாறுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது மாதிரி. அதனால் இந்த வழிகாட்டியில் காசு செலவாகும் வேலைகள் எல்லாம் கடைசியில்தான் வரும்.

எது பிட், எது பைட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். திட்டத்தில் 300 என்று போட்டிருப்பது மெகாபிட் கணக்கு. கணினியில் ஒரு கோப்பை இறக்கும்போது ஓரத்தில் காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5. ஆக, படம் இறங்கும்போது வினாடிக்கு 35, 36 என்று காட்டினால் கட்டிய காசுக்கு உரியது முழுசாக வந்துகொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நெட் ஆபீஸில் சண்டை போட்டுவிட்டுத் தலை குனிந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை போயிருக்கிறேன்.

முதல் வேலை: வயரில் பாருங்கள்

வைஃபையை மறந்துவிட்டு, பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு லேன் கேபிளைச் செருகுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணையுங்கள். டிவி, மற்ற ஃபோன்கள் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு வேகச் சோதனை. சோதனைத் தளத்தில் எந்த ஊர் சர்வர் என்று கேட்டால் மதுரை, சென்னை என்று பக்கத்து ஊரை எடுங்கள். துபாய், சிங்கப்பூர் எல்லாம் வேண்டாம். அது கடல் கடந்த பாதையையும் சேர்த்து அளக்கும், நாம் இப்போது அளப்பது வீட்டு வாசலை மட்டும்.

லேப்டாப்பில் லேன் துளை இல்லை என்றால் யுஎஸ்பியில் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது கிகாபிட் என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை 100-ஐத் தாண்டாது. லேப்டாப்பே இல்லாத வீட்டில், ஓரளவு புதிய ஃபோனை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஆறேழு அடி தூரத்தில், நடுவில் சுவர் இல்லாமல் நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (பெயரின் வாலில் 5ஜி என்று இருப்பதில்) சோதியுங்கள். வயர் அளவுக்குத் துல்லியம் கிடையாது, ஆனால் ஒரு முடிவுக்கு வர உதவும்.

இங்கே ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். வயரில் பார்க்கும்போது 94, 95 என்று வந்து ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றால், அது 100 மெகாபிட் லேன் துளையின் உச்சம். உங்கள் திட்டம் 300 ஆனாலும் 500 ஆனாலும் இதே 94-தான் வரும். காரணங்கள் மூன்று. லேப்டாப்பின் லேன் துளை பழையதாக இருக்கலாம். பெட்டியில் இருக்கும் துளைகளில் ஒன்று மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கலாம். சில பெட்டிகள் அப்படித்தான் வருகின்றன, துளையை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது, கேபிள். லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு வயர் போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நெட் வேலை செய்கிறதே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன் வீட்டில் இதைத்தான் பார்த்தேன். வராந்தா வழியாக ஹாலுக்கு இழுத்த கேபிள். முனையில் இருந்த பின்களில் இரண்டு பச்சை பூத்துக் கிடந்தன. கடல் காற்று செப்பை விடாது. “வாசல் கேட்டையே வருசத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிச்சாத்தான் காப்பாத்த முடியுது தம்பி, இது எம்மாத்திரம்?” என்றார். முனையை வெட்டிவிட்டு, புது முனை போட்டு அழுத்தியதும் 94-ல் நின்ற மீட்டர் 290-ஐத் தாண்டியது. செலவு ஒரு டீ, வடை.

கேபிள் வாங்கினால் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி; 100 மீட்டர்வரை கிகாபிட்டைத் தாங்கும்.

வயரிலேயே குறைவாக, அதாவது 300-க்கு 120, 150 என்று ஆடிக்கொண்டு வந்தால் அப்போது குற்றம் வெளியே. காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை சோதித்துக் குறித்து வையுங்கள். வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலானது ஜிபான் என்ற முறை. அதில் நெட் நிறுவனத்தின் ஒரு துளையிலிருந்து கிளம்பும் சுமார் 2.5 கிகாபிட்டை 32 வீடுகளோ 64 வீடுகளோ பிரித்துக்கொள்கின்றன. காலையில் நன்றாக வந்து இரவில் மட்டும் இறங்கினால் நெரிசல். எந்நேரமும் குறைவு என்றால் ஒளி பலவீனமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போனால், பல பெட்டிகளில் வரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் தள்ளாட ஆரம்பிக்கும். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசம் என்று வாசிக்க வேண்டும்.

ஃபைபரை மடக்கிக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மிச்சக் கேபிளைச் சுருட்டி வைப்பது தப்பில்லை; சுருள் ஒரு தேங்காய் அளவுக்காவது அகலமாக இருக்கட்டும். ஆணியில் மாட்டி, ஜன்னல் கதவில் நசுக்கி, செம்பு வயர் மாதிரி மடக்கினால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். பனை மட்டை விழுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. விரலால் துடைக்கவும் வேண்டாம். ஒரு தூசி போதும், அடைத்துக்கொள்ளும். ஆளைக் கூப்பிட்டு, “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொல்லாமல், “வயர்ல பார்த்தேன், காலைல இவ்வளவு, ராத்திரி இவ்வளவு, ஒளி மைனஸ் இவ்வளவு” என்று சொல்லிப் பாருங்கள். வருகிற ஆளின் நடையே மாறும்.

வயரில் 280, 290 வருகிறதா? உங்கள் இணைப்பு நன்றாக இருக்கிறது. இனி வீட்டுக்குள் வருவோம்.

காற்றில் ஏன் பாதிதான்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், பாம்பன் பாலம் இருக்கிறதே. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ஒற்றை வழி. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் இப்போதைக்கு ஒரு தண்டவாளம்தான் ஓடுகிறது. இந்தப் பக்க ரயில் கடந்த பிறகுதான் அந்தப் பக்க ரயில். வைஃபையும் அப்படித்தான். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பெட்டி பேசினால் ஃபோன் கேட்க வேண்டும். ஃபோன் பேசினால் பெட்டி கேட்க வேண்டும். வீட்டில் பத்துக் கருவி இருந்தால் பத்தும் அதே பாலத்துக்குத்தான் காத்திருக்கின்றன. பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துப் பார்ப்பது, கிடைத்தது என்று பதில் சொல்வது, கிடைக்காததைத் திரும்ப அனுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் போகிறது. ஃபைபரில் இந்தத் தொல்லை இல்லை. வருவதற்கு ஒரு நிற ஒளி, போவதற்கு வேறு நிற ஒளி. ஒரே இழையில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

ஆகவே ஃபோனில் “இணைப்பு வேகம் 866” என்று காட்டுவது தண்டவாளத்தின் வேகம், நீங்கள் ஊர் போய்ச் சேரும் வேகம் அல்ல. கையில் கிடைப்பது அதில் பாதி, நல்ல இடத்தில் நின்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பெட்டியின் அட்டையில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருப்பதும் கூட்டல் கணக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, கூட்டினால் 1,167, அதை 1200 என்று அழகாக்கிவிட்டார்கள். உங்கள் ஃபோன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அதுவும் அந்த 867 இரண்டு ஆன்டெனாவில் பேசும் ஃபோனுக்கு. விலை குறைந்த ஃபோன்கள் பலவற்றில் ஒரே ஆன்டெனா. அவற்றுக்கு உச்சமே 433, கைக்கு வருவது 200, 250. 2.4 மட்டும் பிடிக்கும் பழைய ஃபோன் என்றால் இணைப்பு வேகமே 72, கைக்கு 40 சொச்சம். பெட்டி எவ்வளவு விலையானாலும் ஃபோன் அந்த ஃபோன்தான்! லாத்தா வீட்டில் நான் முதலில் செய்தது, எந்த ஃபோனில் சோதித்தீர்கள் என்று கேட்டது. மருமகனின் ஆறு வருடப் பழைய ஃபோன். என் ஃபோனில் அதே மாடியில் 55 வந்தது. 30-ல் பாதிக் கதை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதிதான் வீட்டின் கதை.

இரண்டு அலைவரிசை, ஒரு குழப்பம்

வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் இரண்டு முறை தெரிந்து, ஒன்றின் வாலில் 5ஜி என்று இருந்தால், அது சிம் கார்டின் 5ஜி இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். “என் ஃபோன் 4ஜி, அதனால அதை அமுக்கறதில்ல” என்று ஒரு வருடமாக மெதுவான அலைவரிசையிலேயே இருந்த பெரியவர் ஒருவரை ஏர்வாடியில் சந்தித்தேன். பழைய 4ஜி ஃபோன்களிலும் பெரும்பாலும் இது பிடிக்கும். அமுக்கிப் பாருங்கள்.

2.4 தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் மெதுவானது, நெரிசல் அதிகம். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5-ல் இருங்கள். கொல்லைப்புறக் கேமரா, மோட்டார் சுவிட்ச் மாதிரியானவை 2.4-ல் இருக்கட்டும்.

2.4-ல் நெரிசல் ஏன் என்றால், அங்கே ஒன்றையொன்று மிதிக்காத சேனல் (அலைவரிசைக்குள் பிரித்த பாதை) மூன்றுதான்: 1, 6, 11. கீழக்கரைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். ஃபோனில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச செயலிகள் கிடைக்கும். அதைத் திறந்தேன், லாத்தா வீட்டு ஹாலிலிருந்தே பதினேழு வீட்டுப் பெட்டிகள் தெரிந்தன. அதில் பாதி 6-ல் உட்கார்ந்திருந்தன. முன்பு சொன்ன பெட்டி முகவரியில் உள்ளே போய், மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதற்கு மாற்றுங்கள். 3, 4, 8 என்று நடுவில் போடாதீர்கள். இரு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கு வரும். 2.4-ல் சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்று வைத்தால் காகிதத்தில் இரட்டை வேகம், அடுத்தடுத்து வீடு உள்ள தெருவில் இரட்டைத் தலைவலி. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4-ல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5-ல் அகலம் 80 வைக்கலாம், இடம் தாராளம். இந்தியாவில் 2018-ல் இந்த அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு திறந்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: சேனல் 52 முதல் 144 வரை ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் பகுதி. ரேடார் சத்தம் கேட்டால் பெட்டி அந்தச் சேனலைவிட்டு ஓட வேண்டும் என்பது விதி. உங்கள் 5ஜி பெயர் திடீரென்று மறைந்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வந்தால், 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ மாற்றி வைத்துப் பாருங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது

நான் பார்த்த வீடுகளில் பத்து பைசா செலவில்லாமல் அதிகம் பலன் தந்தது இதுதான். இணைப்புக் கொடுக்க வரும் பையன், கேபிள் எந்தச் சுவர் வழியாக நுழைகிறதோ அந்தச் சுவரிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பத்து வீடு. ஆனால் அந்தச் சுவர் தெரு வாசல். பாதி வைஃபை தெருவுக்குப் போகிறது. மாட்டைக் கட்டி வைத்தமாதிரி வாசலில் கட்டிவிட்டு, கொல்லையில் பால் வரவில்லை என்றால் எப்படி?

வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். ஆன்டெனா இரண்டு என்றால் ஒன்று நேராகவும் ஒன்று சாய்த்தும். பிறகு சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வைஃபைக்கு முதல் எதிரி இரும்பு: பீரோ, கிரில் கேட், ஃபிரிட்ஜ், ரோலிங் ஷட்டர். முகம் பார்க்கும் கண்ணாடியும் அதே கணக்கு, பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறது. இரண்டாவது எதிரி தண்ணீர்: மீன் தொட்டி, தண்ணீர் டிரம், மாடியில் டேங்க். மூன்றாவது சுவரே.

எங்கள் கரையோரத்தில் சுவர் ஒரு தனிக் கதை. பழைய வீடுகள் சிலவற்றில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் சுவர் எழுப்பியிருப்பார்கள். வெயிலுக்கு அவ்வளவு குளுமை. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு அது கோட்டை மதில். வெளிநாட்டுப் பணத்தில் பின்னால் கட்டிய வீடுகளில் சுவர் மெல்லியது, ஆனால் தலைக்கு மேல் கம்பி பின்னிய கான்கிரீட் தளம். கீழே இருக்கும் பெட்டி மேல்மாடிக்குத் திணறித்தான் எட்டும். பனையோலைக் கொட்டகையில்தான் வைஃபை ராஜாவாக உலாவும், ஓலை அதைத் தடுப்பதே இல்லை. என்ன செய்வது, அங்கே யாரும் 300 எம்பி வாங்குவதில்லை.

லாத்தா வீடு இரண்டும் கலந்தது. முன்பாதி தாத்தா காலத்துச் சுவர், பின்பாதியும் மாடியும் மச்சான் அனுப்பிய காசில் கட்டியது. பெட்டி முன்வாசலில், ஷோகேஸுக்குள், கதவைச் சாத்தி, மேலே ஒரு பூப்போட்ட துணியும் போர்த்தி இருந்தது. தூசி படக்கூடாதாம். பெட்டி தொட்டால் சுட்டது. அடைத்து வைத்த பெட்டி சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், சில சமயம் அணைந்து எழும். அதற்காகக் காற்றோட்டம் என்று திறந்த வராந்தாவில் வைத்துவிடாதீர்கள். உப்புக் காற்று இரண்டு வருடத்தில் துளைகளைத் தின்றுவிடும்.

இடம் பார்ப்பதற்கு ஒரு சின்ன நடை போதும். அந்த அனலைசர் செயலியிலேயே சிக்னல் அளவும் மைனஸ் எண்ணில் தெரியும். மைனஸ் 50 என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மைனஸ் 67 வரை வீடியோ கால் நிம்மதியாக ஓடும். 75-ஐத் தாண்டினால் இழுபறி. 10 எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்கு. ஃபோனைக் கையில் பிடித்து அறை அறையாக நடந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்த வாசல்படி தாண்டியதும் எண் சரிகிறதோ அந்தச் சுவர்தான் குற்றவாளி.

ஃபைபர் கேபிளை நீங்களே கழற்றி நகர்த்த வேண்டாம். புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், பையன் துளை போடும் முன்பே, “தம்பி, பத்து மீட்டர் கூட விட்டு உள்ளே கொண்டுவா” என்று கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் காசு.

அப்படியும் எட்டாத மூலைக்கு

நானும் ஒரு தப்பு செய்தேன். என் வீட்டு மாடிக்கு ரிப்பீட்டர் ஒன்று வாங்கி, சிக்னலே வராத படுக்கையறையில் செருகினேன். ஃபோனில் வைஃபை முழுக் கோடு காட்டியது. வேகம் மட்டும் வரவில்லை. ரிப்பீட்டருக்கே கேட்காத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? அதை வைக்க வேண்டியது பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில். அங்கே வைத்தாலும், ஒரே அலைவரிசையில் கேட்டுத் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். மறுபடியும் ஒற்றைத் தண்டவாளம்.

மெஷ் என்று விற்கும் ஜோடிப் பெட்டிகள் இதைவிடப் புத்திசாலி. நடக்க நடக்க ஃபோனை அருகிலிருக்கும் பெட்டிக்குக் கைமாற்றிவிடும். ஆனால் இரண்டு பெட்டியும் காற்றில் பேசிக்கொள்ளும்வரை அந்தத் தடித்த சுவர் நடுவில் நிற்கத்தான் செய்யும். என் கருத்தைக் கேட்டால், ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, அதன் முனையில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் முறையில் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்க மட்டும் செய்யும் முறை) வைப்பதுதான் இந்த வீடுகளுக்கு மருந்து. கேபிள் சுவரைப் பற்றிக் கவலைப்படாது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல் கொடுங்கள். சேனலை மட்டும் வேறாக்குங்கள். வெளிச்சுவர் வழியாக இழுத்தால் பிவிசி குழாய்க்குள் விடுங்கள், வெயிலும் உப்பும் மேலுறையை உரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரு முனையையும் கழற்றி வைப்பது நல்லது. ஃபைபரின் கண்ணாடி மின்னலைக் கடத்தாது, செம்பு கடத்தும்.

டிவி, மேசைக் கணினி மாதிரி இடம் மாறாத எதையும் வயரில் போட்டுவிடுங்கள். பாலத்திலிருந்து ஒரு பெரிய ரயில் விலகியதும் ஃபோன்களுக்கு வழி கிடைக்கும்.

கரண்ட் விஷயம் ஒன்று. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த நொடியில் பெட்டி அணைந்து எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வீடியோ கால் பாதியில் அறுந்துவிடும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது. பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, வோல்ட் அதே, ஆம்பியர் அதே அல்லது கூட இருப்பதாக வாங்குங்கள்.

எவ்வளவு போதும்?

நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் பார்க்க அவர்களே கேட்பது 15 மெகாபிட்தான். ஒரு வீடியோ காலுக்கு மூன்று நான்கு இருந்தாலே முகம் தெளிவு. ஆக மச்சான் முகம் உடைந்தது 30 போதாததால் அல்ல. காலுக்கு வேகத்தைவிட முக்கியம், தகவல் போய்த் திரும்பும் நேரம் ஒரே சீராக இருப்பது. லாத்தா மாடியில் சிக்னல் மைனஸ் 78. அனுப்பியதில் பாதியைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டிய நிலை. போதாததற்கு மருமகன் ஃபோன் அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றும் வழி அடைத்தால் பேச்சும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பேக்கப்பை இரவு இரண்டு மணிக்கு மேல் என்று மாற்றி வைத்தேன்.

அப்புறம் நெட் பையனை வரவழைத்துப் பெட்டியை நடு ஹாலுக்கு, பழைய சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். துணியை லாத்தா தானே எடுத்துவிட்டார், மனமில்லாமல். மாடிக்கு ஒரு கேபிள், வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர். என் ஃபோனில் மாடியில் 210. திட்டம் அதே 300.

அன்று ராத்திரி போட்டிம் என்ற வீடியோ கால் செயலியில் மச்சான் கூப்பிட்டார். இந்தப் பக்கம் படம் கண்ணாடி மாதிரி போகிறதாம், லாத்தா மூக்குத்தி மாற்றியிருப்பதுகூடத் தெரிகிறதாம். அவர் முகம்தான் இன்னும் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைகிறது. துபாய் தேராவில் அவர் அறையில் எட்டுப் பேர், ஒரே வைஃபை, பெட்டி இரும்புக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம்.